முதல்நாள் விருந்தும் மறுநாள் ஆட்டமும்

பள்ளிகளுக்கிடையிலான டென்னிஸ் போட்டிக்கு முந்தைய இரவு அது. மறுநாள் களமிறங்கவுள்ள மாணவனின் தட்டில் சோறு குவிந்திருக்கிறது. பக்கத்தில் இன்னொரு தட்டில் மீ கோரெங். "போதும்பா, வயிறு தாங்காது" என்கிறார் அம்மா. "இன்னிக்கு நல்லா ஏத்திக்கிட்டாத்தான்மா நாளைக்கு மூனாவது செட்டு வரைக்கும் தெம்பு இருக்கும்" என்கிறான் மகன். குழுவில் மூத்த மாணவர் ஒருவர் சொன்னதை அவன் அப்படியே நம்புகிறான். மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் ஆட்டம். வயிறு மந்தமாக இருப்பதால் அவன் எதையும் உண்ணாமல் திடலுக்குச் செல்கிறான். இரண்டாவது செட்டின் நடுவில் கால்கள் கனக்கின்றன. பக்கவாட்டில் வரும் பந்து கண்ணுக்குத் தெரிகிறது. உடல் மட்டும் நகர மறுக்கிறது.

இத்தகைய காட்சி பல வீடுகளுக்கும் பல திடல்களுக்கும் புதிதன்று. தோற்ற மாணவர் தமக்குத் திறமை போதவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். பயிற்றுநரோ ஓட்டப் பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறார். உண்மையில் இங்கே பிழைத்தது திறமையன்று. உணவையும் பயிற்சியையும் பற்றிய புரிதல்தான். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்காக உருவான ஓர் உணவு முறையைப் பள்ளி டென்னிஸ் ஆட்டக்காரர்கள் அரைகுறையாகப் பின்பற்றுவதால் நன்மையைவிடத் தீமையே மிகுதி. அவர்களுக்குத் தேவைப்படுவது முதல்நாள் விருந்தன்று. அன்றாடம் வேளை தவறாத உணவும், கண்ணையும் காலையும் ஒருங்கே பழக்கும் சுறுசுறுப்புப் பயிற்சியுமே அவர்களுக்குத் தேவை.

முதலில் மாவுச்சத்தின் பணியை அறிந்துகொள்வது அவசியம். சோறு, ரொட்டி, மீ, கிழங்கு, பழம் ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தை உடல் குளுக்கோஸாக மாற்றுகிறது. உடனடித் தேவைக்குப் போக எஞ்சியது 'கிளைக்கோஜன்' என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 500 கிராம் வரையிலும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் கிளைக்கோஜன் இருக்கும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரி ஆற்றலைத் தருகிறது. இந்தச் சேமிப்பு தீர்ந்துபோகும்போது ஓட்டக்காரரின் வேகம் திடீரென்று குறைகிறது. வண்டியில் எண்ணெய் தீர்வதைப் போன்றது இது.

இந்தச் சேமிப்பைப் பெருக்க முடியுமா என்னும் கேள்விக்கு 1960களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் விடை கண்டனர். யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் ஆகிய இருவரும் தங்கள் உடலையே சோதனைக்கு உட்படுத்தினர். ஒரே மிதிவண்டியின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தனர். அதன் பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டனர். ஓய்வாக இருந்த காலைவிட, உழைத்துக் களைத்த காலின் தசையில் ஏறத்தாழ இரு மடங்கு கிளைக்கோஜன் சேர்ந்திருந்தது. இந்த முடிவு 1966ஆம் ஆண்டில் வெளியானது. உழைத்த தசையே உணவை மிகுதியாகச் சேமிக்கிறது என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது.

இக்கண்டுபிடிப்பை முதலில் பற்றிக்கொண்டவர்கள் மாரத்தான் ஓட்டக்காரர்களே. இங்கிலாந்து வீரர் ரான் ஹில் இம்முறையைப் பின்பற்றி, 1969ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியில் மாரத்தான் ஓட்டத்தை வென்றார். தொடக்க கால முறை கடுமையானது. முதலில் கடும் பயிற்சியால் சேமிப்பைக் கரைத்து, சில நாள் மாவுச்சத்தைத் தவிர்த்து, பின்னர் மூன்று நாள் அதை மிகுதியாக உண்ண வேண்டும். 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று அத்தகைய பட்டினி தேவையில்லை என்று காட்டியது. பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்து, உணவில் மாவுச்சத்தைக் கூட்டினாலே போதும் என்பது அதன் முடிவு. எனவே, மாவுச்சத்து ஏற்றம் என்பது வெறும் கட்டுக்கதையன்று. இடைவிடாமல் 90 நிமிடத்திற்கும் மேலாக நீடிக்கும் ஓட்டத்திற்கும் மிதிவண்டிப் போட்டிக்கும் அது பயன்தரும் அறிவியல் முறை.

ஆனால், டென்னிஸ் இடைவிடாத ஓட்டமன்று. 42.195 கிலோமீட்டர் ஓடும் மாரத்தான் வீரர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பார். டென்னிஸ் ஆட்டக்காரரோ பாய்கிறார், நிற்கிறார், திரும்புகிறார், மூச்சு வாங்குகிறார், மீண்டும் பாய்கிறார். ஒரு புள்ளிக்கான ஆட்டம் பெரும்பாலும் பத்து வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. அடுத்த புள்ளிக்கு முன் 25 வினாடி வரை இடைவெளி உண்டு. பக்கம் மாறும்போது 90 வினாடியும், ஒரு செட் முடிந்தவுடன் 120 வினாடியும் ஓய்வு கிடைக்கிறது. ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரம் நீடித்தாலும், பந்து உண்மையில் விளையாட்டில் இருக்கும் நேரம் அதில் ஒரு சிறு பகுதியே.

டென்னிசிலும் நெடிய போராட்டங்கள் உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். 2010ஆம் ஆண்டு விம்பிள்டன் போட்டியில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹுவும் மூன்று நாள்களில் மொத்தம் 11 மணி 5 நிமிடம் மோதினர். 2012ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பொதுவிருதுப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஜோக்கோவிச்சும் நடாலும் 5 மணி 53 நிமிடம் ஆடினர். ஆயினும், இவை ஐந்து செட்டு கொண்ட நிபுணத்துவ ஆட்டங்கள். பள்ளி நிலையில் மூன்று செட்டுக்கு மேல் ஆடுவதில்லை. பல போட்டிகளில் நேரத்தைக் கருதி ஆட்டம் இன்னும் சுருக்கப்படுகிறது. அரிதான ஆட்டங்களை அளவுகோலாகக் கொண்டு அன்றாட உணவை அமைப்பது பொருத்தமாகாது.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இன்னோர் உண்மையும் புலப்படும். நெடுந்தூரப் போட்டிகளுக்குரிய முறைப்படியான ஏற்றத்திற்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து தேவை. அதுவும் 36 முதல் 48 மணி நேரம் வரை தொடர வேண்டும். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவருக்கு இது நாளுக்குக் குறைந்தது 500 கிராம். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்தே உள்ளது. ஆகவே, சோற்றின் வழியாக மட்டும் இதைப் பெறுவதென்றால் ஒரே நாளில் ஏறத்தாழ 1.8 கிலோகிராம் சோறு உண்ண வேண்டும்! இரவில் உண்ணும் இரண்டு பெருந்தட்டுச் சாப்பாடு இதற்கு ஈடாகாது. அது முறையான ஏற்றமும் அன்று. நல்ல இரவுணவும் அன்று. தூக்கத்தையும் காலை உணவையும் கெடுப்பதே அதன் பலன்.

முறையாக ஏற்றினாலும் டென்னிஸ் ஆட்டக்காரர் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் சேரும்போது அதனுடன் ஏறத்தாழ 3 கிராம் நீரும் தசையில் தங்குகிறது. கூடுதலாக 250 கிராம் சேர்ந்தால், நீரோடு சேர்த்து உடல் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கூடும். சீராக ஓடுபவருக்கு இச்சுமை ஈடுசெய்யத்தக்கது. ஒவ்வொரு சில வினாடிக்கும் ஒருமுறை நின்று திரும்ப வேண்டியவருக்கு அதே சுமை தடையாக அமையலாம். மந்தமான வயிறும் கனத்த உடலும் சுறுசுறுப்பின் பகைவர்கள்.

அப்படியென்றால் சுறுசுறுப்பு என்பது என்ன? பலர் அதை வேகம் என்று மட்டுமே கருதுகின்றனர். ஒற்றையர் ஆட்டத்திற்கான திடலின் அகலம் 8.23 மீட்டர், அதன் முழு நீளம் 23.77 மீட்டர். வலைக்கு ஒரு பக்கம் மட்டுமே ஒருவருக்குரியது. ஆட்டக்காரர் அடிக்கும் அடிகளில் பெரும்பாலானவை அவர் தயார்நிலையில் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள்ளேயே நிகழ்கின்றன. எனவே, நூறு மீட்டர் ஓட்டத்தில் முந்துபவர் டென்னிசில் முந்துவார் என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு அடியை எவ்வளவு விரைவாக, எந்தத் திசையில் எடுத்து வைக்கிறார் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

2006ஆம் ஆண்டில் ஷெப்பர்ட், யங் ஆகிய இரு ஆய்வாளர்கள் சுறுசுறுப்புக்குத் தெளிவான ஒரு விளக்கம் தந்தனர். ஒரு தூண்டலைக் கண்டு, அதற்கேற்ப முழு உடலின் வேகத்தையோ திசையையோ விரைந்து மாற்றும் ஆற்றலே சுறுசுறுப்பு என்பது அவர்களின் கருத்து. இதில் 'தூண்டலைக் கண்டு' என்பதே உயிரான பகுதி. எதிராளியின் தோள் திரும்பும் விதம், மட்டையின் கோணம், பந்து எழும் உயரம் ஆகியவற்றைக் கண் பார்க்கிறது. மூளை முடிவு செய்கிறது. அதன் பின்னரே கால் நகர்கிறது. இம்மூன்றும் ஒருசேரப் பழகாவிட்டால் கால்கள் எவ்வளவு வலிமையாக இருந்தும் பயனில்லை.

இங்கேதான் பல பள்ளிப் பயிற்சிகள் வழி தவறுகின்றன. தரையில் ஏணிக் கயிற்றை விரித்து, அதன் கட்டங்களுக்குள் கால்களைப் படபடவென்று வைத்து ஓடுவதே சுறுசுறுப்புப் பயிற்சி என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். ஏணிப் பயிற்சி உடலைச் சூடேற்றவும், கால்களுக்குத் தாளத்தைப் பழக்கவும் உதவும் என்பதை மறுக்க முடியாது. ஆனால், அதில் அடுத்த அடியை எங்கே வைக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். போட்டியில் அப்படி எதுவும் தெரியாது. ஏணியில் தேர்ந்த மாணவர் ஏணியில்தான் தேர்ந்திருப்பார். எதிராளியின் பந்தைக் கணிப்பதில் அவர் தேர்ந்துவிட்டார் என்று பொருளாகாது.

நல்ல பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பயிற்றுநர் இரு கைகளிலும் பந்தை வைத்துக்கொண்டு எந்தக் கையிலிருந்து விடப்போகிறார் என்பதைக் காட்டாமல் விடலாம். மாணவர் அது இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்குள் பிடிக்க வேண்டும். இரு மாணவர்கள் எதிரெதிரே நின்று, ஒருவர் நகரும் திசையில் மற்றவர் நிழல்போல் நகரலாம். எண்களிட்ட நான்கு கூம்புகளை வைத்து, பயிற்றுநர் கூறும் எண்ணை நோக்கிப் பாயச் சொல்லலாம். எதிராளி பந்தை அடிக்கும் அந்த நொடியில் சிறிதாகத் துள்ளி, இரு கால்களிலும் சமமாக இறங்கி, உடனே பாயும் பழக்கத்தை ஒவ்வோர் அடியிலும் வலியுறுத்தலாம். அந்தச் சிறு துள்ளல், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அனைவரும் தவறாமல் செய்யும் செயலாகும்.

இவ்வகைப் பயிற்சிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைக் களைப்பில்லாத உடலோடு செய்ய வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஐந்து முதல் பத்து வினாடிக்குள் முடிய வேண்டும். அடுத்ததற்கு முன் மூச்சு சீராகும்வரை ஓய்வு வேண்டும். எனவேதான் உடலைச் சூடேற்றிய உடனே, பயிற்சியின் தொடக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பர். ஒரு மணி நேரம் ஓடிக் களைத்த பிறகு செய்தால், உடல் தவறான அசைவுகளைப் பழகிக்கொள்ளும். களைத்த காலால் சட்டென்று நின்று திரும்பும்போது முழங்காலும் கணுக்காலும் காயமடையும் வாய்ப்பும் கூடுகிறது. எலும்பும் தசைநாரும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதின்ம வயதினருக்கு இது சிறிய செய்தியன்று.

இந்த இடத்தில்தான் உணவும் சுறுசுறுப்பும் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. ஓர் இடைநிலைப்பள்ளி மாணவரின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். விடியற்காலையில் எழுந்து, ஒரு குவளை மைலோவுடன் பள்ளிக்குச் செல்கிறார். ஓய்வுநேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் வரிசை நீளமாக இருக்கிறது. கிடைத்ததை நின்றவாறே விழுங்குகிறார். பள்ளி முடிந்தவுடன் புறப்பாட நடவடிக்கை தொடங்குகிறது. மதிய உணவுக்கு நேரமில்லை அல்லது கையில் பணமில்லை. உச்சி வெயிலில், ஈரப்பதம் மிகுந்த காற்றில், ஏறக்குறைய வெறும் வயிற்றோடு அவர் பாய்ந்து திரும்பும் பயிற்சியைச் செய்கிறார். மூளை தன் பணிக்குப் பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. எரிபொருள் குறைந்த நிலையில் கவனம் சிதறுகிறது. முடிவெடுக்கும் வேகமும் குறைகிறது. வாரம் முழுவதும் இப்படிப் பயின்றுவிட்டுப் போட்டிக்கு முதல்நாள் மட்டும் இரண்டு தட்டுச் சோறு உண்பது, ஆண்டு முழுவதும் படிக்காமல் தேர்வுக்கு முதல்நாள் விடிய விடிய விழித்திருப்பதற்கு ஒப்பாகும்.

பசியைத் தாங்கிப் பழகினால்தான் மனவுறுதி வளரும் என்று சில பயிற்றுநர்கள் கருதுகின்றனர். அவர்களின் நோக்கத்தைக் குறைகூற முடியாது. தங்கள் மாணவர்கள் எளிதில் தளரக் கூடாது என்பதே அவர்களின் விருப்பம். எனினும், மனவுறுதியை வளர்க்க வேறு வழிகள் பல உண்டு. பின்தங்கிய நிலையிலிருந்து ஆட்டத்தை மீட்கும் பயிற்சி, தவறான தீர்ப்பை அமைதியாக ஏற்கும் பண்பு, கடைசிப் புள்ளி வரை போராடும் பழக்கம் ஆகியவை அவற்றுள் சில. பசி கற்றுத் தருவது களைப்பை மட்டுமே. 'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்பது முன்னோர் சொன்ன பழமொழி. உடல் என்னும் சுவர் வலுவாக இருந்தால்தான் மனவுறுதி என்னும் சித்திரம் அதில் நிலைக்கும்.

இன்னொரு புறம், சோற்றைக் கண்டாலே அஞ்சும் இளையோர் கூட்டமும் பெருகி வருகிறது. மாவுச்சத்து உடலைப் பருமனாக்கும் என்று கேள்விப்பட்டு, ஆண் பெண் இருபாலரும் அதை முற்றாகத் தவிர்க்க முனைகின்றனர். உழைப்புக்கேற்ற உணவு கிடைக்காத விளையாட்டாளரின் எலும்பு வலிமை, நோய் எதிர்ப்பாற்றல், ஹார்மோன் சமநிலை ஆகியவை பாதிக்கப்படும் என்று அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது. ஒருவர் முதல்நாள் மிதமிஞ்சி உண்கிறார். மற்றொருவர் ஆண்டு முழுவதும் குறைத்து உண்கிறார். இருவரும் செய்யும் பிழை ஒன்றே. தம் உடலின் உண்மையான தேவையை அறியாமல், யாரோ சொன்னதைப் பின்பற்றுவதே அந்தப் பிழை.

புகழ்பெற்ற வீரர்களை அப்படியே பின்பற்றுவதும் இத்தகையதே. நோவாக் ஜோக்கோவிச் 2010ஆம் ஆண்டுவாக்கில் கோதுமையில் உள்ள 'குளூட்டன்' என்னும் புரதத்தைத் தம் உணவிலிருந்து நீக்கினார். அடுத்த ஆண்டில் அவர் மூன்று மாபெரும் விருதுகளை வென்றார். இதைக் கேட்ட பலர், அவர் மாவுச்சத்தையே கைவிட்டதாக நினைத்துக்கொண்டனர். அவர் நீக்கியது ஒரு வகைப் புரதத்தை, மாவுச்சத்தை அன்று. மேலும், அது அவருடைய உடலுக்கு ஏற்ற முடிவு. மருத்துவரின் ஆலோசனையின்றி ஒரு பதினைந்து வயது மாணவர் தம் தட்டிலிருந்து ரொட்டியையும் சப்பாத்தியையும் ஒதுக்குவதற்கு அது காரணமாகாது.

புகழ்பெற்ற வீரர் ஒருவரிடமிருந்து பாடம் கற்க விரும்பினால், 1989ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பொதுவிருதுப் போட்டியை நினைவுகூரலாம். பதினேழு வயதே நிரம்பிய அமெரிக்க வீரர் மைக்கல் சாங், அப்போதைய உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் இவான் லென்டலை நான்காம் சுற்றில் எதிர்கொண்டார். முதல் இரண்டு செட்டுகளையும் சாங் இழந்தார். பின்னர்க் கால் தசைகள் இழுத்துப் பிடித்தன. பக்கம் மாறும் இடைவேளைகளில் அவர் வாழைப்பழம் உண்டார், நீர் அருந்தினார், ஒருமுறை எதிராளி சற்றும் எதிர்பாராத வகையில் கையைத் தாழ்த்திப் பந்தைப் போட்டார். இறுதியில் ஐந்து செட்டுகளில் வென்று, அந்தப் போட்டியின் வெற்றியாளராகவும் மகுடம் சூடினார். வாழைப்பழம்தான் அவரை வெல்ல வைத்தது என்று கூறிவிட முடியாது. ஆனால், ஆட்டத்தின் நடுவிலும் உடலைக் கவனித்துக்கொள்ளலாம் என்பதையும், அதற்கு எளிய உணவே போதும் என்பதையும் அந்த ஆட்டம் உலகுக்குக் காட்டியது.

பள்ளி ஆட்டக்காரருக்குரிய உணவு முறை சிக்கலானதன்று. நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து பொதுவாகப் போதுமானது. 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 250 முதல் 350 கிராம். மூன்று வேளை உணவிலும் இடையில் உண்ணும் பழத்திலும் இதை எளிதாகப் பெறலாம். போட்டி நாளில் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன் இட்லி, தோசை, ரொட்டி, சோறு போன்ற பழகிய உணவை அளவாக உண்ணலாம். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் மிகுந்த நாசி லெமாக்கோ ரொட்டி சானாயோ செரிக்க நேரமெடுக்கும். அவற்றை ஆட்டம் முடிந்த பிறகு சுவைக்கலாம். ஆட்டம் ஒரு மணி நேரத்தைக் கடந்தால், பக்கம் மாறும்போது அரை வாழைப்பழமும் சில மிடறு நீரும் கைகொடுக்கும். நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து உள்ளது.

ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் இருந்தாலோ, போட்டி தொடர்ந்து பல நாள் நீடித்தாலோ நிலைமை சற்று மாறும். அப்போது முதல் ஆட்டம் முடிந்தவுடனேயே மாவுச்சத்துள்ள உணவை உண்டு, கரைந்த சேமிப்பை நிரப்பிக்கொள்ள வேண்டும். உழைத்த தசையே உணவை மிகுதியாகச் சேமிக்கிறது என்று அந்த இரு சுவீடன் ஆய்வாளர்கள் கண்ட உண்மை இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. ஆக, மாவுச்சத்து ஏற்றத்தை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. அதன் அடிப்படை உண்மையை எடுத்துக்கொண்டு, மிகையை விட்டுவிடுவதே அறிவுடைமை. 'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது.

இதற்கெல்லாம் பெருஞ்செலவு ஆகும் என்று அஞ்சத் தேவையில்லை. கடைகளில் விற்கும் ஆற்றல் மாவுகளும் வண்ணப் பானங்களும் இல்லாவிட்டால் விளையாட்டில் முன்னேற முடியாது என்னும் எண்ணம் வசதி குறைந்த மாணவர்களை மனந்தளரச் செய்கிறது. உண்மையில், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் வாழைப்பழமும் ஒரு கிண்ணம் சோறும் அதே மாவுச்சத்தைத்தான் தருகின்றன. மலேசியச் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையில், தட்டின் கால் பகுதி சோறு அல்லது ரொட்டி, கால் பகுதி மீன், கோழி, பருப்பு போன்ற புரத உணவு, அரைப் பகுதி காய்கறியும் பழமும் இடம்பெறுகின்றன. கடும் பயிற்சி உள்ள நாள்களில் சோற்றின் பகுதியைச் சற்றுக் கூட்டிக்கொண்டால், இளம் விளையாட்டாளருக்கும் அத்தட்டு பொருந்தும்.

ஆகவே, மாற்றம் மூன்று இடங்களில் தொடங்க வேண்டும். முதலாவதாக, பள்ளிகள் பிற்பகல் பயிற்சிக்கு முன் மாணவர்கள் அமர்ந்து உண்பதற்குப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும். உண்டவுடன் ஓட முடியாது என்பதால், பயிற்சியின் தொடக்கத்தை அதற்கேற்பத் தள்ளிவைப்பதும் நன்று. சிற்றுண்டிச்சாலையை மதியம்வரை திறந்து வைப்பது பெரிய செலவன்று. இரண்டாவதாக, பயிற்றுநர்கள் ஓட்டத்தின் அளவைக் கூட்டுவதைவிட அசைவின் தரத்தைக் கூட்டுவதில் கவனம் செலுத்த வேண்டும். மூன்றாவதாக, பெற்றோர் போட்டிக்கு முதல்நாள் காட்டும் அக்கறையை வாரத்தின் எல்லா நாளும் காலை உணவில் காட்ட வேண்டும். பிள்ளை என்ன உண்டான் என்பதைப் போட்டியின்போது மட்டும் கேட்டால் போதாது.

இம்மாற்றங்கள் கோப்பைகளுக்காக மட்டும் அல்ல. பள்ளியில் டென்னிஸ் ஆடும் மாணவர்களுள் மிகச் சிலரே நாட்டைப் பிரதிநிதிக்கப் போகிறார்கள். ஆனால், அவர்கள் அனைவரும் தங்கள் உடலோடு இன்னும் பல்லாண்டு வாழப் போகிறார்கள். எந்த நேரத்தில் எதை எவ்வளவு உண்பது, எப்போது உழைப்பது, எப்போது ஓய்வெடுப்பது என்பதை இந்த வயதில் அறிந்துகொண்டவர், பின்னாளில் மட்டையைக் கீழே வைத்த பிறகும் நலமாக வாழ்வார்.

அந்தப் போட்டிக்கு முந்தைய இரவு மீண்டும் வரும். அப்போது மகனின் தட்டில் வழக்கமான அளவு சோறும், மீனும், கீரையும் இருந்தால் போதும். அவன் நேரத்தோடு உறங்கட்டும். காலையில் அம்மா வைக்கும் நான்கு இட்லியைப் பொறுமையாக உண்டு, பையில் இரண்டு வாழைப்பழத்தையும் நீர்ப்புட்டியையும் எடுத்துச் செல்லட்டும். மூன்றாவது செட்டில் பந்து பக்கவாட்டில் பறந்து வரும்போது, அவன் கண் அதைப் பார்க்கும். கால்களும் உடன் நகரும். அவன் வென்றாலும் தோற்றாலும், அந்த ஆட்டத்தைத் தன் முழுத் திறமையோடு ஆடியிருப்பான்.